கூவினால் பதில் கூவாதே

திண்டுக்கல் ரோட்டில் விளாங்குடியைத் தாண்டி வடக்கே பார்த்தால் ஒரு மலை தெரியும். அதற்குப் பெயர் உண்டு. நான் சொல்லப்போவதில்லை. இதில் யாருடைய பெயரையும் சொல்லப்போவதில்லை. எனக்கு எழுத்து வந்ததே மதுரையில் மில் வேலைக்குப் போய், சங்கத்தார் நடத்திய பள்ளிக்கூடத்தில் தலை நரைக்கத் தொடங்கிய பிறகுதான். கற்றுக்கொண்ட எழுத்தை வைத்து எதை எழுதினாலும் பெயரை மட்டும் எழுதுவதில்லை. அதற்குக் காரணம் அந்த மலைதான்.

மலைக்குக் கீழே எங்கள் ஊர். ஊர் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கள்ளியும் உடைமரமும் முளைத்த பொட்டலில் கொஞ்சம் குடிசைகள். மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் பட்டினி. அந்தச் சோளமும் எங்களுடையது அல்ல, கூலிக்குக் களையெடுத்த சோளம். மேலே மலையில் மட்டும் எந்தக் கோடையிலும் பச்சை இருக்கும், சுனையில் தண்ணீர் இருக்கும். சித்திரை வெயிலில் மதுரை கொதிக்கும்போது துரைமார்கள் குடும்பத்தோடு அங்கே வந்து தங்குவார்கள். அவர்களுக்கென்று நடுமலையில் ஒரு பங்களா கட்டியிருந்தார்கள். அதன் ஓட்டுக் கூரை எங்கள் களத்திலிருந்து பார்த்தாலே தெரியும்.

நான் பிறப்பதற்கு முன்பே அந்த மலையைச் சர்க்கார் ரிசர்வு ஆக்கிவிட்டது. அடிவாரம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்த எல்லைக்கல் நட்டு, கல்லுக்கு அந்தப் பக்கம் ஆடு போகக்கூடாது, அரிவாள் போகக்கூடாது, தரையில் கிடக்கும் சுள்ளியைச் சீட்டு வாங்கிக்கொண்டு கையால் பொறுக்கலாம் என்று சட்டம் போட்டார்கள். மலையைக் காப்பாற்றுகிறார்களாம். மான் சுட வந்த துரையிடமிருந்து அல்ல. சும்மாட்டுத் துணியும் கயிறுமாகப் போன எங்களிடமிருந்து. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. சுள்ளி பொறுக்கி எவள் வயிறு நிறைந்தது? எல்லாப் பெண்களும் இடுப்பில் அரிவாளை ஒளித்துக்கொண்டுதான் கல்லைத் தாண்டினோம். பட்ட மரத்தை வெட்டி, கட்டி, தலையில் சுமந்து, கோழி கூப்பிட எழுந்து நடந்து, வைகையைக் கடந்து மதுரைத் தெருக்களில் விற்றோம்.

மலைக்குள் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். சொன்னால் மலையில் இருக்கிற கருப்பு அந்தப் பெயரைப் பிடித்துக்கொள்ளும், பெயருக்குரியவள் வீடு திரும்பமாட்டாள் என்பது ஊர் நம்பிக்கை. கருப்புக்குக் கேட்டாலாவது பொங்கல் வைத்துச் சமாதானம் செய்யலாம், காட்டுக் காவல் கார்டுக்குக் கேட்டால் கேஸ்தான் என்று என் அக்கா சிரிப்பாள். அதனால் நாங்கள் கூவித்தான் பேசிக்கொள்வோம். நீளமாக ஒரு கூவல், கடைசியில் மேலே ஓர் இழுப்பு. வா, கைவேலையாக இருந்தாலும் போட்டுவிட்டு வா என்று அர்த்தம். கேட்டவள் உடனே அதே மாதிரி பதில் கூவ வேண்டும். பதில் கூவாமல் இருப்பது பாவம் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள்.

எங்கள் பக்கத்துக்குப் புதிதாக ஒரு கார்டு வந்தான். மூக்கும் முழியுமாக வாட்டசாட்டமான ஆள். ஆடு மேய்த்த குடும்பத்தில் பிறந்தவன் என்று சொன்னார்கள். காட்டில் எப்படிக் காது கொடுக்க வேண்டும் என்பது அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு கோடைக்குள் எங்கள் கூவலை அந்தக் கடைசி இழுப்போடு அப்படியே படித்துக்கொண்டுவிட்டான். பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து கூவுவான். நாங்கள் பதில் கூவுவோம். எந்த ஓடையில் இருக்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். வந்து அரிவாளையும் கட்டையும் பிடுங்கிக்கொள்வான். அகப்பட்டவர்கள் பங்களாவுக்குச் சுனைத் தண்ணீர் சுமக்க வேண்டும். எங்கள் வாயாலேயே எங்களைப் பிடித்தான் பாருங்கள், அந்த எரிச்சல் அரிவாள் போன எரிச்சலைவிடப் பெரிதாக இருந்தது.

விறகுப் பெண்களுக்கு என் ஆத்தாதான் தலைவி மாதிரி. ஆத்தா என்றால் என்னையும் அக்காவையும் பெற்றவள். அப்பன் நான் கைக்குழந்தையாக இருந்தபோதே வாந்திபேதியில் போய்விட்டான். எல்லைக்கல்லுக்கு வெளியே ஒரு புளியமரம் உண்டு. மலையை விட்டு இறங்குகிறவர்கள் அங்கேதான் கூடுவோம். அந்த மரத்தடியில் வைத்து ஆத்தா ஒரு நாள் தீர்த்துச் சொன்னாள்.

"இனிமே மலையில எவ கூவுனாலும் பதில் கூவக்கூடாது. வெட்டுறத நிறுத்திட்டு அப்பிடியே அமந்து உக்காந்துக்கங்க. அவன் வந்து பாத்துட்டுப் போகட்டும்."

"நெசமாவே எவளாச்சும் கூவுனா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நம்மாளுக இனிமே கூவமாட்டோம்ல. பெறகு கூவுறது அவன்தான?"

எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது. மாட்டிக்கொள்ளாமல் இருப்பதைத் தவிர வேறு எதையும் யோசிக்காத புத்தி அப்போது எல்லோருக்கும். ஆபத்து என்று வந்தால் தொண்டை இந்தச் சட்டத்தையெல்லாம் கேட்காது என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். கட்டியவன் கண்டிக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவன் ஒரு சேதியும் அனுப்பவில்லை. அவள் அதற்காக மூலையில் உட்காரவில்லை. ஆள் நல்ல பலசாலி. "நீ தூக்குற சொமைய நான் காதுல சொருகிக்கிருவேன்டி" என்று என்னைக் கேலி செய்வாள். மதுரையில் எங்களிடம் வாடிக்கையாக விறகு வாங்குகிறவர்களில் கோட்டைக்குள் ஒரு பாய் வீடு உண்டு. அந்த வீட்டம்மா நாங்கள் போனால் கட்டை இறக்கச் சொல்லி, முதலில் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பேசுவார். அந்த வீட்டில் நிக்காஹ் வந்தது. "பிரியாணி தேக்சா வைக்கணும் புள்ள, சுள்ளியெல்லாம் நிக்காது, கட்டை விறகா கொண்டாரியா?" என்று அக்காவிடம் கேட்டார். அக்கா சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

கட்டை விறகு வேண்டுமென்றால் நாங்கள் வழக்கமாக வெட்டும் கீழோடையில் கிடைக்காது. பங்களாவுக்குப் போகும் பாதைக்கு அருகே மேலோடையில்தான் பெரிய பட்ட மரங்கள் நின்றன. அது கார்டு நடக்கிற தடம். அங்கே போகிறோம் என்று சொன்னால் ஆத்தா விடமாட்டாள். "நெல்லிமரச் சரிவுக்குப் போறோம்" என்று அவளிடம் சொல்லிவிட்டு அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறினாள். ஆத்தாவும் மற்ற பெண்களும் கீழோடையில் தங்கிவிட்டார்கள்.

அக்கா கண் வைத்த மரம் எப்போதோ இடி விழுந்து பட்டது. அடியில் கறையான் தின்று, தள்ளினால் விழுகிற பதத்தில் நின்றது. ஒரு பக்கம் வெட்டிவிட்டு நான் மேலிருந்து தள்ளினேன். அக்கா பள்ளத்துப் பக்கம் நின்று கயிற்றால் இழுத்தாள். மரம் நேராக விழுந்திருக்க வேண்டும். பாறையில் மோதி ஒரு புரண்டு புரண்டது. அக்கா துள்ளி விலகுவதற்குள் இரண்டு தொடை மீதும் வந்து உட்கார்ந்துவிட்டது.

அக்கா முதலில் சிரித்தாள். "கட்டுனவன் விட்டுட்டுப் போனான், இந்த மரம் என்னைய விடமாட்டேங்குது பாரேன்" என்றாள். பிறகு முகம் வெளுத்தது. நான் தோளைக் கொடுத்துத் தூக்கினேன். அசையவில்லை. ஒரு கிளையை வெட்டி அடியில் கொடுத்து நெம்பினேன், கிளை முறிந்தது. நாலு பெண்கள் இருந்தால் தூக்கிவிடலாம். நாலு பேர் என்ன, ஆத்தாவின் கூட்டமே கீழோடையில் இருந்தது. அவர்கள் விறகு வெட்டுகிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஆனால் ஓடை வழியாக இறங்க முடியாது, நடுவில் செங்குத்துப் பாறை. சுற்றிப் போனால் வெகு நேரம் ஆகும்.

"நான் ஓடிப் போயி கூட்டியாரேன்க்கா."

"போகாத. இங்கனயே இரு. எனக்குப் பயமா இருக்குடி."

எதற்கும் பயந்தவள் அல்ல அவள். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு அவளை விட்டுவிட்டு நகர எனக்குக் கால் வரவில்லை. பாறை மேல் ஏறி நின்று கூவினேன். நீளமாக, கடைசி இழுப்போடு, அடிவயிற்றிலிருந்து கூவினேன்.

கீழே வெட்டுகிற சத்தம் நின்றது.

கேட்டுவிட்டது என்று எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்வது? "கேட்ருச்சுக்கா, வந்துருவாக" என்று கத்தினேன். பதில் கூவலுக்காகக் காத்து நின்றேன். வரவில்லை. வெட்டுச் சத்தமும் திரும்ப வரவில்லை. அப்போதுதான் புளியமரத்தடிப் பேச்சு எனக்கு நினைவு வந்தது. சொன்னபடியே அமர்ந்துகொண்டார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு செடிக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் கூவக் கூவ அவர்கள் இன்னும் பதுங்குவார்கள். தெரிந்தும் கூவினேன். ஆத்தா, ஆத்தா என்று கத்திப் பார்த்தேன். வார்த்தை பாறையைத் தாண்டவில்லை. கடைசியில், கருப்பாவது கார்டாவது என்று, அக்காவின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். மலையில் ஒரு பெயர் என் வாயிலிருந்து வந்தது அந்த ஒரு நாள்தான். கார்டு வந்து பிடித்தால்கூடப் போதும் என்று இருந்தது. அவனும் வரவில்லை.

இறங்கிவந்து அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அவளுக்குக் கீழே மணல் நனைந்து கறுப்பாக ஆகிக்கொண்டே வந்தது.

"கேட்ருக்காதுடி" என்றாள் அக்கா. "காத்து எதுத்தாப்புல அடிக்குதுல்ல. அவுகளுக்குக் கேட்ருக்காது."

காற்றே இல்லை. வெட்டுச் சத்தம் நின்றது அவள் காதிலும் விழுந்திருக்கும். தண்ணீர் கேட்டாள். சும்மாட்டுத் துணியை ஓடைக் கசிவில் நனைத்து வாயில் பிழிந்தேன். பாய் வீட்டம்மாவுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும், வேறு யாரிடமாவது விறகு வாங்கிக்கொள்ளட்டும் என்றாள். அவள் கடைசியாகப் பேசியது அதுதான். வெயில் மேற்கே சாய்வதற்குள் முடிந்துபோயிற்று.

நான் சுற்றுவழியில் இறங்கினேன். வழி முழுக்க எனக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொருத்தி முகத்திலும் காறித் துப்ப வேண்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே வந்தேன். புளியமரத்தடியில் எல்லோரும் கட்டுகளைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அடுத்த வீட்டு மதினி எழுந்து வந்தாள்.

"அந்தப் பய இன்னைக்கும் கூவுனான், தெரியுமா? எம்புட்டு நேரம்ங்கிற! நான் பதில் கூவ வாயத் தொறந்துட்டேன். உங்க ஆத்தாதான் என் வாயப் பொத்தி அமுக்கிருச்சு. இல்லாட்டி இன்னைக்கு அம்புட்டுப் பேரும் பங்களாவுக்குத் தண்ணி சொமந்திருப்போம்."

ஆத்தா கொஞ்சம் பெருமையோடு என்னைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தாள். "எங்கடி பெரியவ?" என்றாள்.

சேர்த்துவைத்த வார்த்தைகள் ஒன்றுகூட வாயில் வரவில்லை. இவள் கை பொத்திய வாய் பதில் கூவியிருந்தால் என் அக்கா பிழைத்திருப்பாள். அதை அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? "மரம் விழுந்துருச்சு ஆத்தா. விழுந்த ஒடனே போயிருச்சு" என்றேன். "ஒரு வார்த்த பேசல. நான் கூவக்கூட இல்ல."

இருட்டிவிட்டதால் மறுநாள் ஊர் ஆண்கள் மலையேறியபோது ரேஞ்சரும் கார்டும் அங்கே வந்துவிட்டார்கள். ரேஞ்சர் முதலில் மரத்தைத்தான் அளந்தார். சர்க்கார் சொத்து என்று அதன் மேல் சுத்தியலால் முத்திரை அடித்தார். அக்காவைத் தூக்கிக்கொண்டு போக விட்டார்கள், அவளைக் கொன்ற மரத்தை யாரும் தொடக்கூடாது என்றார்கள். கார்டு தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

காரியம் முடிந்து சில நாட்கள் கழித்து எல்லைக்கல் அருகே அவனைப் பெண்கள் மறித்துக்கொண்டார்கள். மதினிதான் கேட்டாள். "மரத்தடியில ஒருத்தி செத்துக் கெடக்கா, நீ பாறையில உக்காந்து கூவிக்கிட்டு இருந்தியே. நீயெல்லாம் சோறுதான் திங்கிறியா?"

"ஆமா, நான்தான் கூவுனேன். இப்ப என்னாங்கிற?" என்றான் அவன்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூவியது நான். என் தொண்டை இன்னும் ஆறவில்லை. செய்யாத பாதகத்தைக்கூடச் செய்தேன் என்று பெருமை பேசுகிற அற்பனா இவன் என்று நினைத்தேன். ஒருத்தி அவன் மேல் சாணியைக் கரைத்து ஊற்றினாள். துடைத்துக்கொண்டு போனான். அன்றிலிருந்து ஊருக்குள் அவனுக்கு யாரும் தண்ணீர்கூடக் கொடுப்பதில்லை. ஆனாலும் என் பொய்க்கு அவன் வாயே சாட்சி ஆகிவிட்டதே என்று எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. அவனைப் போல வேறு யாரையும் நான் வெறுத்தது கிடையாது.

ஆத்தா அதன் பிறகு மலைக்குப் போகவில்லை. எனக்குக் கல்யாணமாகி மில்லில் சேர்ந்ததும் அவளை மதுரை வில்லாபுரத்துக்கு எங்களோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஒவ்வொரு வருஷமும் அக்கா போன நாளில் கம்பங்கூழும் சுட்ட கருவாடும் படைப்பாள். படையல் முடிந்ததும் என் பக்கம் திரும்பாமல் கேட்பாள்.

"அன்னைக்குக் கூவுனது ஆருடி?"

"கார்டுதான் ஆத்தா."

"ஆமா. அவனே சொன்னான்ல" என்பாள்.

அவ்வளவுதான். அடுத்த வருஷம் வரை அந்தப் பேச்சு வராது. நான் பொய்யில் தேறிவிட்டேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன். ஆத்தா அதை நம்பிக்கொண்டே ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள்.

அப்போது உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரி போட்டு ஓடின. அந்தக் கரிக்காகச் சர்க்காரே எங்கள் மலையைக் காண்டிராக்டுக்கு விட்டது. சுள்ளிக்குச் சீட்டுக் கேட்டவர்கள் பச்சை மரங்களை லாரி லாரியாக இறக்கினார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதைதான். விளாங்குடி ரோட்டில் ஒரு விறகு டிப்போ வந்தது. விலை கொஞ்சம் சகாயம் என்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் என்னையே உற்றுப் பார்த்தான். ஆள் வற்றிப் போயிருந்தான். ஆனாலும் அந்தக் கார்டுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"நீ அந்த மரம் விழுந்த வீட்டுப் புள்ளதான?" என்றான். "உங்க ஆத்தா நல்லாயிருக்கா?"

"போன வருசம் போயிருச்சு" என்றேன். பேசக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் இத்தனை வருஷத்துக் கசப்பு வாயை மீறி வந்துவிட்டது. "நீ ஏன்யா அன்னைக்குப் பொய் சொன்ன? நீ கூவலன்னு எனக்குத் தெரியும்."

அவன் ஸ்டூலை விட்டு எழுந்தான்.

"நான் அன்னைக்கு மலையிலயே இல்லத்தா. மதுரையில ஒரு கேசுக்குச் சாட்சி சொல்லப் போயிருந்தேன். உங்க ஆத்தா காரியம் முடிஞ்ச கையோட தனியா என் குடிசைக்கு வந்துச்சு. அன்னைக்கு நீ கூவுனியா சாமின்னு கேட்டுச்சு. இல்லைன்னேன். அப்பிடியே தரையில உக்காந்துருச்சு. பெறகு என் காலப் புடிச்சிருச்சு. ஆரு கேட்டாலும் நீதான் கூவுனேன்னு சொல்லிரு சாமி, என் சின்னவ எனக்காகத்தான் தான் கூவலைன்னு சொல்லிக்கிட்டு இருக்கா, அவ சொல்லு நிக்கட்டும்னுச்சு."

நான் கேட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் கூவிக் கூவித்தான உங்க சனம் பதில் கூவாமப் போச்சு" என்றான் அவன். "அதான் சரின்னுட்டேன்."

அப்படியென்றால் முதல் படையலுக்கு முன்பே அவளுக்குத் தெரியும். தன் கைதான் அந்த வாயைப் பொத்தியது என்று தெரிந்துகொண்டே படையல் போட்டாள். தெரிந்துகொண்டே என்னிடம் கேட்டாள். நான் பொய் சொல்லச் சொல்ல, ஆமாம் என்று கேட்டுக்கொண்டாள். ஒரே கூரைக்குள் இருந்தோம், ஒரே சட்டியில் குடித்தோம். அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நானும், என்னைக் காப்பாற்றுகிறேன் என்று அவளுமாக, அக்காவுக்காக இரண்டு பேரும் ஒரு நாள்கூடக் கட்டிப்பிடித்து அழாமலே இருந்துவிட்டோம். எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. செத்துப்போனவளிடம் எங்கே போய்ச் சண்டை போடுவது?

விறகு வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினேன். அன்று நான் உலை வைக்கவில்லை. வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர் அடுப்பைப் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்டார்.

"சாவு விழுந்த வீட்ல உலை வைக்கக்கூடாதுல்ல" என்றேன்.

"ஆரு செத்தது?"

"ஆத்தாவும் அக்காவும்" என்றேன்.